மாற்ற முடியாத ஒரு பாகம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பெனிக்கு ஒரு சிக்கல். அதுவரை அது விற்றுவந்த வேட்டை ரைஃபிள்கள் முதல் உலகப் போர்க்கால என்ஃபீல்டு துப்பாக்கியின் அமைப்பை ஒட்டியவை. அவற்றின் ரிசீவரை, அதாவது பேரலும் போல்ட்டும் வந்து சேரும் எஃகுக் கூட்டை, ஒவ்வொரு முகமாக மில்லிங் மெஷினில் செதுக்கி எடுக்க வேண்டும். நேரமும் கூலியும் எகிறின. மைக் வாக்கர் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் கண்ட வழி எந்த லேத் பட்டறைக்காரருக்கும் தோன்றக்கூடியதுதான்: ரிசீவரை உருளையாகவே வைத்துக்கொண்டால் லேத்தில் கடைந்துவிடலாம். சுடும்போது எழும் உதையைக் கட்டைக்கு, அதாவது ரிசீவரைத் தாங்கித் தோளில் பதியும் உடற்பகுதிக்கு, கடத்த ரிசீவரின் அடியில் ஒரு பல் வேண்டும். அதையும் ரிசீவரோடு சேர்த்துச் செதுக்கினால் செலவு. எனவே வாஷர் போன்ற தடித்த தகடு ஒன்றை வெட்டி, பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் வைத்து முடுக்கிவிட்டார்கள். 1948இல் 721, 722 என்ற எண்களோடு வந்த அந்த ரைஃபிள், 1962இல் மெருகேறி மாடல் 700 ஆனது.

காசு மிச்சம்பிடிக்கச் செய்த இந்த வேலைதான், பிற்காலத்தில் மிக அதிகமாக மாற்றியமைக்கப்பட்ட ரைஃபிளைப் பெற்றெடுத்தது. உருளை வடிவம் என்பதால் எந்தப் பட்டறையிலும் அதை லேத்தில் பிடித்து மையம் பார்த்து வேலை செய்ய முடிந்தது. அதே அளவில் கட்டை செய்வதும் எளிது. ‘இப்போதைக்கு மலிவாக ஒன்றை வாங்கிவிட்டுப் பிறகு மெல்ல மேம்படுத்தலாமா, அல்லது தொடக்கத்திலேயே கூடுதலாகப் போட்டு நல்லதை வாங்கலாமா’ என்று அமெரிக்க வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுவோரும் ஓயாமல் கேட்கும் கேள்விக்கு விலைப்பட்டியலில் பதில் இல்லை. அந்த எஃகுக் கூட்டுக்குள்தான் இருக்கிறது.

போல்ட் ஆக்‌ஷன் என்றால் நம்மவர்களுக்கு நினைவு வருவது பாரா நிற்கும் காவலர் தோளில் தொங்கிய பழைய .303 ஆகத்தான் இருக்கும். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளி இறக்கினால் அடுத்தது உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். .303இல் பூட்டும் காதுகள் போல்ட்டின் பின்பகுதியில் இருந்தன. ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃப் ஊரில் மவுசர் தொழிற்சாலை 1898இல் நிலைப்படுத்திய அமைப்பில் அவை போல்ட்டின் தலைமாட்டில், தோட்டாவை ஒட்டியே இருந்தன. இன்று கடையில் கிடைக்கும் வேட்டை ரைஃபிள்களில் பெரும்பாலானவை இந்த முன்பூட்டு வகையின் வாரிசுகள். இரண்டு காதா, மூன்று காதா என்பதில்தான் வேறுபாடு.

காது எங்கே இருந்தால் என்ன? .308 வின்செஸ்டர் தோட்டா வெடிக்கும்போது, பேரலின் பின்முனையில் அது உட்காரும் அறைக்குள் எழும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் மேல் எல்லை, சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. தோட்டாவின் அடிவட்டப் பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால் போல்ட்டின் முகத்தில் 3 டன்னுக்கும் மேல் மோதுகிறது. அந்த மோதலைத் தாங்குவது அந்தக் காதுகளும், அவை உட்காரும் ரிசீவரின் தோளும்தான். இரண்டு காதில் ஒன்று மட்டும் சரியாக ஒட்டி, மற்றது மயிரிழை விலகி நின்றால், ஒவ்வொரு சுடுதலிலும் போல்ட் ஒரு பக்கமாகச் சாயும். குண்டு பேரலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூடு முழுவதும் முறுக்கிக்கொள்ளும். பேரல் ஏறும் மரைக்கும் போல்ட் ஓடும் துளைக்கும் ஒரே மையம் இல்லாவிட்டாலும் இதே தொல்லை. பழைய 700ஐ வாங்கி, அதன் காது, முகம், மரை எல்லாவற்றையும் ஒரே அச்சுக்குக் கொண்டுவர மறுபடியும் கடைந்து கொடுப்பதை ஒரு தனித் தொழிலாகவே அங்கே நடத்தினார்கள். கணினி வழி இயங்கும் இயந்திரங்கள் பரவியபின் அந்தத் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்றைய 500 டாலர் ரைஃபிள், தாத்தா காலத்து விலையுயர்ந்த ரைஃபிளைவிட நேராகக் கடையப்பட்டு வருகிறது என்பதைப் பழைய ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கலாம். அளவுமானி ஒப்புக்கொள்ளும்.

பேரலைக் கழற்றலாம், கட்டையை மாற்றலாம், ட்ரிகரைத் தூக்கி எறியலாம். மாற்ற முடியாதது ரிசீவர் ஒன்றுதான். அமெரிக்கச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வரிசை எண் பொறிக்கப்படுவது ரிசீவரில்தான். அதைத் தனியே விற்றாலும் அது துப்பாக்கிதான், வணிக விற்பனையில் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகத்தான் கைமாறும். பேரலோ கட்டையோ வெறும் உதிரிபாகம், கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும். ஆகவே மேம்படுத்தும் எண்ணத்தோடு வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது ஒரு ரிசீவரை. மற்றவை அதோடு ஒட்டிக்கொண்டு வரும் தற்காலிகச் சாமான்கள்.

இதில் பேரல் தற்காலிகம் என்பதுதான் புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். எஃகுக் குழாய் எப்படித் தேயும்? ஈயமும் செம்பும் உரசுவதால் அல்ல, வெப்பத்தால். தோட்டா வாய்க்கு முன்னால் புரிகள் தொடங்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயு நக்கிவிட்டுப் போகிறது. சில மில்லிவிநாடிதான். ஆனாலும் எஃகின் மேல்தோல் கடினமாகி, நுண்விரிசல் விட்டு, வறண்ட ஏரித்தரையாகப் பிளந்து, துணுக்குத் துணுக்காக உதிர்கிறது. சிறு துளை வழியே அதிக வெடிமருந்தை எரிக்கும் தோட்டாக்களில் இது சீக்கிரம் நடக்கும். .308 பேரல் 5,000 சுடுதல் வரை நன்றாகத் தாங்கும் என்பார்கள். 2007இல் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்த 6.5 கிரீட்மோர் 2,000 முதல் 3,000 வரைதான் போட்டித் துல்லியத்தைக் காப்பாற்றும். வருடத்துக்கு ஒரு பெட்டித் தோட்டா சுடும் மான் வேட்டைக்காரருக்கு அது மூன்று தலைமுறைக்கு வரும். வாராவாரம் களத்துக்குப் போகும் போட்டியாளருக்கு இரண்டு வருடம் தாங்கினால் பெரிது.

பேரல் மாற்றுவதை எளிதாக்கியதும் ஒரு மலிவு ரைஃபிள்தான். 1958இல் வந்த சாவேஜ் 110. நிக்கலஸ் ப்ரூவர் வடிவமைத்த அதில் விலைக்குறைப்புக்கு ஒரு தந்திரம் இருந்தது. மற்ற ரைஃபிள்களில் பேரலைத் தோள்பட்டை வரை திருகி, அது எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப அறையின் ஆழத்தைத் துல்லியமாகக் கடைய வேண்டும். போல்ட்டின் முகத்துக்கும் அறையில் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள தூரம் மிகச் சரியாக அமைய வேண்டும். குறைந்தால் போல்ட் மூடாது, கூடினால் தோட்டாவின் உறை நீண்டு கிழியும். .308க்கு இந்தத் தூரத்தைச் சோதிக்கும் இரும்புக் கட்டைகளில் ஒன்று 1.630 அங்குலம், அடுத்தது 1.634. முதலாவதைப் போட்டால் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதைப் போட்டால் மூடக் கூடாது. இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். தேர்ந்த கை வேண்டிய வேலை இது.

சாவேஜ் அந்தத் தேர்ந்த கையைத் தவிர்த்துவிட்டது. பேரலின் மரையில் ஒரு நட்டைப் போட்டார்கள். அளவுக் கட்டையை உள்ளே வைத்துப் போல்ட்டை மூடி, அதன்மேல் முட்டும்வரை பேரலைத் திருகி, நட்டை இறுக்கினால் முடிந்தது. தொழிற்சாலையில் கூலியைக் குறைக்க வந்த இந்த நட்டு, பல பத்தாண்டுகள் கழித்து வீட்டு மேசையில் பேரல் மாற்ற நினைப்பவர்களின் கைக்கு வந்தது. சாவேஜின் போல்ட் தலையும் தனித்துண்டு. ஒரு ஊசியைத் தட்டினால் கழன்றுவிடும். அதனால் அடிவட்டம் சிறிய .223 தோட்டாவுக்கும் பெரிய மேக்னம் தோட்டாக்களுக்கும் தலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். .308, .243, 6.5 கிரீட்மோர் மூன்றுக்கும் அடிவட்டம் ஒன்றே, 0.473 அங்குலம் என்பதால், அவற்றுக்குள் மாற அதுகூட வேண்டாம், பேரல் போதும். 1988இல் திவாலான சாவேஜ் தலையெடுத்தது மற்ற மாடல்களை ஓரங்கட்டிவிட்டு இந்த 110ஐப் பிடித்துக்கொண்டுதான். பார்வைக்கு அழகில்லாத அந்த நட்டை ஒரு காலத்தில் கிண்டலடித்த ரெமிங்டன் ரசிகர்களே பிறகு அதே முறையில் 700க்குப் பேரல் வாங்கிப் பொருத்தினார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஒரு ரைஃபிளை மேம்படுத்த முடியுமா என்பதை அதன் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது. ஸ்ப்ளெண்டர் பைக்குக்கு எந்தச் சிற்றூரிலும் உதிரிபாகம் கிடைப்பது போலத்தான். 700 ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்றது. 1966இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை அதை எம்40 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது, 1988இல் தரைப்படை எம்24 என்று எடுத்தது. பிரிட்டனின் அக்யூரசி இன்டர்நேஷனல் 700க்கென்று, கட்டைக்குப் பதிலாக ஓர் அலுமினியச் சட்டகம் செய்தபோது அதோடு சேர்ந்துவந்த தோட்டாப் பெட்டியின் வடிவமே பிறகு எல்லோருக்கும் பொது அளவானது. ரெமிங்டன் கம்பெனி 2018இலும் 2020இலும் திவாலானது. நியூயார்க் மாநிலத்தில் இலியன் ஊரில் இருந்த அதன் பழைய தொழிற்சாலை 2024இல் மூடப்பட்டது. 700இன் அளவுகளுக்கு எதுவும் ஆகவில்லை. ஸ்பெயினின் பெர்காரா பி-14 உட்பட அதே அடித்தடத்தில் ரிசீவர் செய்யும் கம்பெனிகள் இன்று பல. அவற்றில் எதை வாங்கினாலும் 700க்கான கட்டையும் ட்ரிகரும் பொதுவாக உட்காரும்.

இதற்கு எதிர்த்திசையில் இருப்பவைதான் மலிவு ரைஃபிள்களில் கவனிக்க வேண்டியவை. சாவேஜின் ஆக்ஸிஸ் மாடல் 110ஐவிட வெகுவாக மலிவு. பேரல் மரை ஒன்றுதான், அதனால் 110 பேரல் ஏறும். ஆனால் கட்டையைப் பிடிக்கும் திருகுகளின் இடைவெளி வேறு, ட்ரிகர் வேறு. பெயர் ஒன்று என்று நம்பி 110க்கான கட்டையை வாங்கினால் கையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 2012இல் 449 டாலர் அறிவிப்பு விலையில் சந்தைக்கு வந்த ரூகர் அமெரிக்கன் அந்த விலைக்கு வியக்கத்தக்கது. மூன்று காது, குறைந்த கோணத்தில் திறக்கும் போல்ட், சாவேஜ் போலவே பேரல் நட்டு. உதையைத் தாங்க ரிசீவருக்கு அடியில் பல் கிடையாது. கட்டைக்குள் பதித்த இரண்டு ‘வி’ வடிவ எஃகுத் துண்டுகள் ரிசீவரைக் கவ்விக்கொள்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் வேறு கட்டை வேண்டுமென்றால் அந்தத் துண்டுகளுக்கு இடமுள்ளதாகத் தேட வேண்டும்.

எதிர்காலத்தை நினைத்து ரிசீவரைத் தேர்ந்தெடுப்பதற்கு எம்24ஐவிடச் சிறந்த உதாரணம் இல்லை. அது சுட்டது 7.62 நேட்டோ தோட்டா. குட்டையான தோட்டா, குட்டை ரிசீவரே போதும். ஆனால் தரைப்படை 700இன் நீள ரிசீவரைக் கேட்டு வாங்கியது. பின்னாளில் நீளமான தோட்டாவுக்கு மாற வேண்டி வந்தால் இடம் இருக்கட்டும் என்ற கணக்கு. அதுவரை ஒவ்வொரு சுடுதலுக்கும் போல்ட்டைத் தேவைக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தது, எடையும் கொஞ்சம் கூடுதல். ஆப்கானிஸ்தானின் மலைகளில் எம்24 எட்டிய 800 மீட்டர் போதவில்லை என்றான பிறகு, 2010இல் அந்த மாற்றம் வந்தது. எம்24களைப் பிரித்து, பழைய ரிசீவரை வைத்துக்கொண்டு, .300 வின்செஸ்டர் மேக்னம் பேரலும் மடக்கும் கட்டையும் புதிய தொலைநோக்கியும் பொருத்தி எம்2010 ஆக்கினார்கள். எட்டும் தூரம் 1,200 மீட்டர் ஆனது. 22 வருடம் இடத்தை வீணாக்கிக் காத்திருந்த உலோகம் கடைசியில் பயன்பட்டது. தனியார் ஒருவர் இப்படிக் காத்திருப்பது சரியா என்பது வேறு. நீளத் தோட்டா வாங்கவே போவதில்லை என்றால் நீள ரிசீவர் வெறும் பாரம்.

சரி, எதை மாற்றினால் குண்டுகள் நெருங்கி விழும்? கடைக்காரர் முதலில் காட்டுவது ட்ரிகரை. 150 டாலருக்குக் கிடைக்கும், அரைமணியில் மாற்றிவிடலாம். நல்ல ட்ரிகர் குண்டின் பாதையைத் திருத்துவதில்லை, சுடுகிறவரின் விரலைத் திருத்துகிறது. நாலு கிலோ துப்பாக்கியை மூன்று கிலோ இழுத்தால் அது அசையாமல் எப்படி இருக்கும்? 2000களின் தொடக்கத்தில் சாவேஜ் தன் ரைஃபிள்களிலேயே உரிமையாளர் எடையைத் திருத்திக்கொள்ளும் ட்ரிகரைத் தந்தபின் மற்றக் கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. அதனால் இன்று மலிவு ரைஃபிளிலும் ட்ரிகர் பரவாயில்லை. ட்ரிகரில் கைவைக்கும் முன் ஒன்று: ரெமிங்டனின் பழைய வாக்கர் ட்ரிகர் இழுக்காமலே வெடிக்கிறது என்ற புகார்கள் பல வழக்குகளாயின. கம்பெனி குறையை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கடுத்து வந்த ட்ரிகர் பொருத்திய ரைஃபிள்களை 2014இல் திரும்பப் பெற வேண்டிவந்தது. பழைய 700ஐ மலிவாக வாங்குகிறவர் ட்ரிகர் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இது விருப்பச் செலவல்ல.

கட்டைதான் மலிவு ரைஃபிளின் உண்மையான பலவீனம். குண்டு ஓடும்போது பேரல் சும்மா இருப்பதில்லை, அடித்த கம்பியாக அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் கவலையில்லை, குண்டு ஒரே இடத்துக்குப் போகும். அச்சில் வார்த்த மெல்லிய பிளாஸ்டிக் கட்டையின் முன்பகுதி சுடுகிறவர் சாய்ந்தால் வளைந்து பேரலைத் தொடும், சாயாவிட்டால் தொடாது. அப்போது அதிர்வு முறைக்கு முறை மாறும். சோதிப்பதற்குக் கருவி வேண்டாம். பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு டாலர் நோட்டைச் செருகி இழுப்பார்கள். ரைஃபிளை முன்புறத் தாங்குகாலில் ஊன்றி அழுத்தும்போது நோட்டு மாட்டிக்கொண்டால் கட்டை வளைகிறது. அப்புறம் கட்டையின் முன்பகுதிக்கு உள்ளே எபாக்ஸி ஊற்றி விறைப்பாக்குவது, ரிசீவர் உட்காரும் இடத்தில் அலுமினியத் தூண் வைப்பது என்று கைச்செலவில் செய்யக்கூடியவை இருக்கின்றன. என் பார்வையில் மலிவு ரைஃபிளுக்குச் செய்யும் செலவில் முதலில் செய்ய வேண்டியது இதுதான், பேரல் அல்ல.

செய்ததால் பலன் வந்ததா என்பதை அறிவது இன்னும் கடினம். மூன்று குண்டு சுட்டு, அவை ஒரு அங்குலத்துக்குள் விழுந்த அட்டையை எல்லோரும் பெருமையாகக் காட்டுவார்கள். 100 கஜத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு 1.047 அங்குலம். ‘ஒரு நிமிடத் துல்லியம்’ என்று விளம்பரம் சொல்வது அதைத்தான். ஆனால் அதே ரைஃபிளில், அதே சிதறலில், மூன்று குண்டுக்குப் பதில் பத்துக் குண்டு சுட்டால் மிகத் தள்ளிவிழுந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் சராசரியாக 1.6 மடங்காகும். ரைஃபிள் கெடவில்லை, மாதிரி பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். மூன்று குண்டு குரூப்பை வைத்து ‘புது ட்ரிகர் கால் அங்குலம் குறைத்தது’ என்று சொல்பவர் பெரும்பாலும் தற்செயலைத்தான் அளந்திருக்கிறார். புதிய பாகம் போட்டபின் வாங்கியவர் மனமும் நல்ல குரூப்பை மட்டும் நினைவில் வைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி விலைக் கணக்கு. 450 டாலர் ஒட்டிய ரைஃபிளில் தொடங்கி, 400 டாலர் பேரல், 150 டாலர் ட்ரிகர், 500 டாலர் சட்டகம் என்று சேர்த்தால் 1,500 ஆகிறது. அந்த வழியில் மிஞ்சுவது ஆதி ரிசீவர் மட்டும், பெட்டிக்குள் போகும் பழைய பாகங்களுக்கு யாரும் விலை தர மாட்டார்கள். 800, 900 டாலரில் பின்லாந்தின் ரீஹிமாகி ஊரில் செய்த டிக்கா டி3எக்ஸ் கிடைக்கிறது. விலையுயர்ந்த சாக்கோ ரைஃபிள்களும் அதே தொழிற்சாலையில்தான் செய்யப்படுகின்றன. டிக்காவிலும் சிக்கனம் உண்டு. எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே நீள ரிசீவர், உதை தாங்கும் பல்லைக் கட்டைக்குள் வைத்துவிட்டு ரிசீவரில் வெறும் பள்ளம். மிச்சம்பிடித்தது கண்ணுக்குத் தெரியும் இடங்களில், போல்ட்டும் பேரலும் ட்ரிகரும் தொட்டுப் பார்க்கவேண்டிய தரம். ஜப்பானின் ஹோவா 1500 இதைவிடவும் மலிவு. அதன் ரிசீவரின் அடிப்பகுதி தட்டையானது, பல் அதோடு சேர்ந்தே செதுக்கப்பட்டது. வாக்கர் கைவிட்ட செலவை ஹோவா இன்னும் செய்துகொண்டிருக்கிறது. கட்டையில் அது அசையாமல் உட்காரும். ஆனால் 700க்கு இருக்கும் அளவு கட்டை வகைகள் அதற்கு இல்லை.

ஆகவே ஆளுக்கு ஆள் பதில் மாறும். இருமுறை கட்டையைக் கழற்றி மாட்டவே அலுப்பாக இருப்பவர் டிக்காவை வாங்கி அப்படியே வைத்துக்கொள்ளலாம். பேரலை அடிக்கடி தேய்க்கப்போகிறவர், தோட்டா வகைகளை மாற்றிப்பார்க்க ஆசைப்படுகிறவர் என்றால் சாவேஜ் 110. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றுவதே பொழுதுபோக்கு என்பவருக்கு 700 அடித்தடமுள்ள ஏதோ ஒன்று, அதில் ரிசீவருக்கு எவ்வளவு அதிகம் போட முடியுமோ அவ்வளவு. ஆக்ஸிஸையும் ரூகர் அமெரிக்கனையும் நான் மேம்படுத்தும் பட்டியலில் சேர்க்க மாட்டேன். வருடத்துக்கு இரண்டு மான் சுடுகிறவருக்கு அவை எதுவும் சேர்க்காமலே போதும் என்பதுதான் அவற்றின் சிறப்பு.

இந்த விவாதம் முழுவதிலும் சொல்லாமல் விடப்படும் ஒரு செலவு இருக்கிறது. போட்டித்தரமுள்ள 6.5 கிரீட்மோர் தோட்டா ஒன்று ஒன்றரை முதல் இரண்டு டாலர். ஒரு பேரல் தேயும்வரை 2,500 சுட்டால் தோட்டாவுக்கே 4,000 டாலர் ஒட்டிப் போகும். மலிவு ரைஃபிளுக்கும் டிக்காவுக்கும் உள்ள 400 டாலர் வித்தியாசம், இருநூற்றுச் சொச்சம் தோட்டாவின் விலை. தீவிரமாகப் பயிற்சி செய்கிறவர் இரண்டு சனிக்கிழமைகளில் அதைச் சுட்டுத் தீர்த்துவிடுவார்.